நீவாடு ஏறுகிற வீடு

எங்கள் வீட்டு வாசலில் முதல் ஆள் வந்து நின்றது தவக்காலத்துப் புதன்கிழமை ஒன்றின் மதியம், அண்ணன் மனைவி செலஸ்தீனா மைனி சீலா மீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். வந்தவர் வெள்ளைக்காரர், காலில் கம்பளிச் செருப்பு, கையில் பாதி கடித்த ஆப்பிள், தலைமுடியில் இன்னும் உருகாத பனித்துகள்; தூத்துக்குடி வெயிலில் அது உருகி அவர் காதோரம் வழிவதைப் பார்த்த மைனி, யார் எவர் என்று கேட்பதற்கு முன்னால், "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று சொல்லி, மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்தார், இன்னும் வேண்டும் என்று சைகை காட்டினார், இரண்டாவது தம்ளரை வாயருகே கொண்டுபோன கணத்தில் இல்லாமல் போனார். தம்ளர் தரையில் விழுந்து உருண்டு கட்டிலடியில் போய் நின்றது. மைனி குனிந்து அதை எடுத்துக்கொண்டே உள்ளறையைப் பார்த்து, "ஏங்க, ஒங்களத் தேடித்தான் யாரோ வந்தாங்க, போயிட்டாங்க" என்றாள்.

அப்போது நான் கடல் கடந்து, இலை உதிர்கிற நாடு ஒன்றில் கணினி வேலையில் இருந்தேன். இதெல்லாம் தொலைபேசி வழியாக எனக்கு வந்து சேர்ந்தவை. "ஆமாலே லாம்பர்ட்டு, தப்பு எம்மேலதான்" என்று சொல்லி அண்ணன் தஸ்நேவிஸ் அன்று நெடுநேரம் சிரித்தான்.

அண்ணன் துறைமுகத்தில் நீர்மட்டம் பார்க்கிற வேலையில் தலை நரைத்தவன். எந்தக் கரையில் எந்நேரம் ஓதம் ஏறும், எந்நேரம் வற்றும், ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கணக்கிடுகிற கணினி நிரல்களை ஓய்வுபெற்ற பிறகு எழுதி, ஒன்றாகக் கட்டி, கடலோடிகள் நீரோட்டத்துக்குச் சொல்கிற நீவாடு என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டான். கணினிக்காரர்கள் இந்த மாதிரி நிரல்கட்டுக்கு நூலகம் என்று பெயர் சொல்வார்கள். அலமாரி கிடையாது, அமைதி காக்கவும் என்ற பலகை கிடையாது, மற்றவர்கள் எழுதும் நிரல்கள் வந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒருவர் அதைத் தன் கணினியில் நிறுவும்போது மூல நிரல் மட்டும் போகும். அரிசியும் பருப்பும் அனுப்பி அவரவர் அடுப்பில் சமைத்துக்கொள்ளச் சொல்வது மாதிரி, அங்கே இருக்கிற கணினிதான் அதைக் கட்டி எழுப்ப வேண்டும், எப்படிக் கட்டுவது என்ற குறிப்பும் கூடவே போகும். அந்தக் குறிப்பில்தான் அண்ணன் தவறினான். ஓத அட்டவணைகள் எங்கே இருக்கின்றன என்று சொல்ல வேண்டிய வரியில், கட்டுக்குள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல், தன் வீட்டில், தன் கணினியில் அவை இருந்த இடத்தை அப்படியே எழுதிவிட்டான். நிரல் எழுதுகிற எல்லோரும் எப்போதாவது செய்கிற தவறு அது. வழக்கமாக, அப்படியோர் இடமே இல்லை என்று மற்றக் கணினிகள் முரண்டு பிடித்து நின்றுவிடும். நீவாடு விஷயத்தில் அவை சொன்ன சொல்லைத் தட்டாதவையாக இருந்தன. அவற்றுக்குக் கால் இல்லை. ஆகவே தமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆளை அனுப்பின.

கட்டி முடியும் வரை ஆள் எங்கள் வீட்டில் இருப்பார். முடிந்ததும் தன் வீட்டில் இருப்பார்.

வேறு ஊர் என்றால் என்ன செய்திருப்பார்களோ தெரியாது, தூத்துக்குடி வந்து இறங்குகிறவர்களைப் பார்த்த ஊர். கொழும்புக் கப்பல் ஓடிய நாளில் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டுக்கு யாராவது பெட்டியோடும் ஏலக்காய் வாசனையோடும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கப்பல் நின்றுபோன பிறகும் கதவுகளைத் திறந்துவைக்கிற பழக்கம் நிற்கவில்லை, திறந்த கதவுகள் வழியாகக் காற்று மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. ஆகவே கொரியாவிலிருந்தும் சிலியிலிருந்தும், பெயர் சொன்னாலும் வாயில் நிற்காத தீவுகளிலிருந்தும், குளியலறைத் துவாலையோடும் காதில் பேனாவோடும் ஆட்கள் எங்கள் வாசலில் வந்து நிற்கத் தொடங்கியபோது, தெரு ஆச்சரியப்பட்டதைவிட ஆசுவாசப்பட்டது. துறைமுகத்துப் பேச்சிலேயே அதற்கு வார்த்தையும் கிடைத்துவிட்டது. சரக்கு ஏறி முடிந்தால் கப்பல் போகும். அதுபோல, "இவருக்கு இன்னும் ஏறுது", "அந்தப் புள்ளைக்கு ஏறி முடிஞ்சிற்று" என்றார்கள்.

இங்கே கொடுத்தது வயிற்றுக்குள் போயிருந்தால் கூடவே போகும், கையில் இருந்தால் இங்கேயே தங்கிவிடும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் உடைந்து தீர்ந்தபின் மைனி எவர்சில்வருக்கு மாறினாள். பேக்கரிக்காரர் மக்ரூன் கொண்டுவந்து நீட்டும்போதே, "பாக்காதீங்க, வாயில போடுங்க, வாயில போடுங்க" என்று அவசரப்படுத்தப் பழகினார். கப்பலில் சரக்கு ஏற்றும் கிரேனை ஓட்டி ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக் கொரேரா மாமா, வந்தவர்களை உட்காரவைத்துக் கேரம் ஆடினார். ஆட்டம் நடக்கையில் எதிராளி மறைந்துபோனால் தன் பெயரில் ஒரு வெற்றி சேர்த்துக்கொண்டார். "பாதியில எந்திச்சுப் போனா தோத்துட்டான்னுதாம்ல அர்த்தம்" என்பது அவர் சட்டம். கடவுச்சீட்டு விசாரிக்க வந்த காவலர் ஒருவர், காப்பி குடித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் தன் கண்ணெதிரே இல்லாமல் போனதைப் பார்த்துவிட்டு, விசாரித்ததில் அங்கே வெளிநாட்டவர் எவரும் இல்லை என்று உண்மையையே எழுதிக்கொண்டு போனார்.

அண்ணன் இறந்த அன்றும் ஆள் வந்தது. சவப்பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் வாசலில் தோன்றிய நெட்டையான ஒருவர், யாரையும் எதுவும் கேட்காமல், கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். தெருமுனை திரும்பும்போது அவருக்கு ஏறி முடிந்துவிட்டது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "பிடிங்கலே, பிடிங்கலே!" என்று கொரேரா மாமா கத்தினார். மைனி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள் என்றும், அது அண்ணனுக்குப் பிடித்திருக்கும் என்றும் சொன்னார்கள்.

அதற்கடுத்த ஆண்டு நான் ஊர் திரும்பினேன். வேலையை விட்டாயிற்று, அந்த நாட்டில் வேரென்று சொல்ல எதுவும் பிடித்திருக்கவில்லை, நீவாடைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. நான் வந்து இறங்கிய நேரம் முன்வாசலில் பிரேசில்காரத் தம்பதி நின்றிருந்தார்கள். வழியில்லாமல், பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கவாட்டு முடுக்கு வழியாகப் போய் அடுப்படிக் கதவைத் தட்டினேன். மைனி திறந்தாள். "வந்துட்டியா, பெட்டிய அங்கன வச்சிட்டு அந்தத் தண்ணிக் குடத்த முன்னால தூக்கிட்டு வா, ரெண்டு பேரு வந்திருக்காங்க" என்றாள். தூக்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து எனக்கு முடுக்கு வழிதான். தெருவில் எதிர்ப்படுகிற எல்லோரும் அன்போடு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்பம் வந்த? எப்பம் கெளம்புத?" வாசலில் வந்து நிற்கிற எவரிடமும் அதை அவர்கள் கேட்டதில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது இசாபெல் வந்தாள். மொசாம்பிக்கில் ஆறு ஒன்று கடலில் விழுகிற தாழ்ந்த ஊரிலிருந்து வருவதாக ஆங்கிலமும் போர்த்துக்கீசும் கலந்து சொன்னாள். பெயரை முழுதாகச் சொல்லச் சொன்னதும், இசாபெல் மச்சாது என்றாள். நாங்களும் மச்சாதுதான். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வருகிற பெயர். கொரேரா மாமா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எந்த மச்சாது? பெரியகோயிலுக்குப் பின்னால இருந்தவங்களா?"

"மாமா, அவ ஆப்பிரிக்கா."

"அங்க போனவங்க யாரு வழின்னு கேளு. சும்மா கேளு."

நான் கேட்டேன். அவள் சிரித்து, தெரியாது என்று தோளைக் குலுக்கினாள். "அந்தச் சிரிப்பு மச்சாது சிரிப்புதான்" என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

அவளுக்கு அங்கே வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் வேலை. மலையிலிருந்து வருகிற வெள்ளமும் கடலின் ஓதமும் ஒரே நேரத்தில் சந்தித்தால் ஆறு திரும்பி ஊருக்குள் வரும். அந்த நேரத்தை முன்கூட்டிக் கணக்கிட்டுக் கீழ்க்கரை வீடுகளைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். அதற்கு நீவாடு வேண்டும். இருப்பது ஒரு பழைய கணினி. அதில் கட்டி முடிக்கப் பாதிப் பகல் ஆகும், அதற்குள் மின்சாரம் போய்விடும், வேலை பாதியில் அறுந்து அவளும் திரும்பிவிடுவாள். முதல் முறை வந்தபோது மைனி வைத்த காப்பியைக் குடித்து முடித்தாள். இரண்டாம் முறை, பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில் மறைந்தாள். ஏறி முடிந்ததா அறுந்துபோனதா என்பது அவள் மறுபடி வந்து நின்றபோதுதான் தெரிந்தது. மூன்றாவது முறை முழங்கால் வரை நனைந்து வந்தாள்.

மைனி துண்டு கொடுத்தாள், சோற்றில் மீன் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். இசாபெல் கையால் பிசைந்து உண்டபடியே, வரும் அமாவாசைக்கு ஓதம் மிக உயரும், மேலே மழை நிற்கவில்லை, இப்போதெல்லாம் நாளுக்கு ஒரு மணி நேரந்தான் மின்சாரம் என்றாள். மூன்றாவது கவளத்தை எடுக்கும்போது இல்லாமல் போனாள். தட்டில், பிசைந்த சோற்றில், அவள் விரல்கள் பதிந்த தடம் மட்டும் இருந்தது. தரையில் அவள் நின்ற இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரை மைனி விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"கடத் தண்ணி இல்ல. சேத்துவாடை அடிக்கி" என்றாள். பிறகு, "லாம்பர்ட்டு, இத சீக்கிரம் ஏத்த வழியே கெடையாதா?"

"இருக்கு மைனி." வந்த வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். "நாமளே இங்க கட்டி முடிச்சு, பொட்டலமா அனுப்பலாம். அவங்க அங்க பிரிச்சு வச்சாப் போதும்."

"கட்டுச்சோறு மாதிரி."

"ஆமா."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"கண்ண மூடித் தொறக்குற நேரம்."

"அப்ப ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க முடியாதே" என்றாள் மைனி.

"வரவே மாட்டாங்க மைனி. அண்ணன் எழுதின இந்த வீட்டு வரியையும் எடுத்துரணும். அது இருந்தா பொட்டலமும் இந்த வீட்டத்தான் தேடும்."

மைனி அலமாரியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்களைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அண்ணனும் போன பிறகு அந்த வாசல்தான் அவளுக்குப் பகல், அதுதான் பேச்சு, அடுப்பைப் பற்றவைப்பதற்கு அதுதான் காரணம்.

"ஒங்கண்ணன் ஏன் இதச் செய்யல?" என்று தனக்குத்தானே போலக் கேட்டாள். "அவருக்குப் பேச ஆளு வேணும், அதான்." பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "செய்யி."

செய்யத் தொடங்கினேன். அண்ணனின் நிரல் அண்ணனின் கணினியில் மட்டுமே ஒழுங்காகக் கட்டப்பட்டது ஏன் என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது: என்றோ நிறுவி மறந்துபோன சின்னச் சின்ன நிரல்கள் எல்லாம் தூண்களைப்போலக் கீழே நின்று தாங்கிக்கொண்டிருந்தன, அவற்றின் பெயரை எந்தக் குறிப்பிலும் அவன் எழுதவில்லை. கணினிக்குள்ளேயே ஜன்னல் இல்லாத வெற்று அறை போல ஓர் இடத்தை உண்டாக்கி, பெயர் சொல்லி அழைத்தது தவிர வேறெதுவும் உள்ளே வர முடியாதபடி அடைத்து, அதற்குள் நீவாடைக் கட்டிப் பார்க்க வேண்டும். எது இல்லை என்று அது நிற்கிறதோ அதைப் பெயர் சொல்லிச் சேர்த்து, மறுபடி கட்ட வேண்டும். அந்த அறைக்கு இந்த வீடும் வெளியூர்தான், அண்ணன் எழுதிய வரி ஒன்றுதான் வெளியே போகிற வாசலாக இருந்தது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

முதல் முறை விசையைத் தட்டிய கணத்தில், உள்ளறை நாற்காலியில் இருந்த நான் முன்வாசலில், வெயிலில், வெறுங்காலோடு நின்றேன்.

மைனி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், வந்தவர்களுக்கென்று அவள் வைத்திருக்கிற முகத்தோடு. என்னைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றாள். "நீயா" என்றாள். பிறகு, "வா, உள்ள வா, வெயில்ல நிக்காத" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். கொரேரா மாமா திண்டாடிப்போனார். "என்னலே, சொந்த வீட்டுக்கே விருந்தாளியா?" என்றார், ஆனாலும் கேரம் பலகையை எடுத்துவைத்தார்.

ஒவ்வொரு வகைக் கணினிக்கும் தனிப் பொட்டலம் கட்ட வேண்டும், ஒவ்வொன்றையும் பலமுறை கட்டிப் பார்க்க வேண்டும், ஆகவே அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப எங்கள் வாசலில் வந்து நின்றேன், ஒவ்வொரு முறையும் மைனி வா என்றாள், ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொடுத்தாள், எதிரே உட்கார்ந்து அண்ணனைப் பற்றிப் பேசினாள். உள்ளறையிலிருந்து நடந்து வந்து கேட்டிருந்தால், "போய் வேலையப் பாருல" என்றுதான் சொல்லியிருப்பாள். வாசல் வழியாக வந்தவனிடம் அவளால் பேச முடிந்தது. துறைமுகத்தில் அவன் மழையில் நனைந்தபடி அளவுகோலைப் படித்தது, கல்யாணத்தன்று கடலில் ஓட்டம் மாறுகிறது என்று கோயில் வாசலில் நின்று சொன்னது, கோபித்துக்கொண்டால் மொட்டைமாடிக்குப் போய்விடுவது. கதை முடிவதற்குள் எனக்கு ஏறி முடிந்துவிடும். உள்ளறையில் நாற்காலியில் இருப்பேன். வாசலில் தம்ளர் விழுகிற சத்தம் கேட்கும். மிச்சக் கதையைக் கேட்பதற்காகவே மறுபடி விசையைத் தட்டியதும் உண்டு. ஆனால் வேலை தேறத் தேறக் கட்டும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு சாப்பாட்டு நேரம் இருந்தது, பிறகு ஒரு காப்பி நேரம், பிறகு நாலு வார்த்தை. நான் எவ்வளவு நன்றாகச் செய்தேனோ அவ்வளவு குறைவாகக் கேட்கக் கிடைத்தது.

அமாவாசை நெருங்கியது. வரியை எடுப்பதற்கு முன் கடைசி முறை வாசலில் வந்து நின்றபோது, மைனி தண்ணீரைக் கொடுத்துவிட்டு உட்காராமலே, அவசரமாகச் சொன்னாள்:

"பேச ஆளு வேணும்னு அவரு அத விட்டுவைக்கல, லாம்பர்ட்டு. மொத ஆளு வந்தன்னிக்கே அழிக்கத்தான் ஒக்காந்தாரு. அந்நேரம் ரெண்டாவதா ஒரு கொரியாக்காரப் புள்ள வந்தா, துவாலையக் கட்டிக்கிட்டு, நானும் அவளும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம். நான் சிரிச்சு ரொம்ப நாளாச்சாம். அதக் கேட்டுட்டு அவரு அழிக்கப் போன கைய எடுத்து..."

நான் உள்ளறையில் இருந்தேன். வாசலில் தம்ளர் விழுந்தது. அதை எடுக்கிற வளையல் சத்தம் கேட்டது, பிறகு அவள் குரல், சுவருக்கு அப்பாலிருந்து, சாதாரணமாக: "இப்பம் எடுத்துரு."

எடுத்தேன். வீட்டு வாசல் இருந்த இடத்தில், கட்டுக்குள்ளேயே அட்டவணைகள் இருக்கும் இடத்தை எழுதினேன். விசையைத் தட்டினேன். நாற்காலியிலேயே இருந்தேன். திரையில் எல்லாம் ஓடி, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்து நின்றது.

"வந்துட்டியா?" என்று முன்வாசலிலிருந்து மைனி கேட்டாள். தண்ணீரோடு அங்கே நின்றிருக்கிறாள்.

"இல்ல மைனி. இங்கதான் இருக்கேன்."

தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அப்ப சரி" என்றாள்.

பொட்டலங்களை அன்றே இணையத்தில் ஏற்றினேன். அமாவாசையன்று மைனி மீன் குழம்பு வைத்து, ஒரு தட்டில் சோறு போட்டு மூடி, கதவைத் திறந்துவைத்து வாசலுக்கு நேரே உட்கார்ந்தாள். கொரேரா மாமா வந்தார், பேக்கரிக்காரர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் அவரவர் படியில் நின்றுகொண்டார்கள். தெருவே ஒரு ஆள் வரக்கூடாது என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்தும் போயிற்று.

"வரல" என்றார் மாமா.

"ஏறியிருக்கும்லா?" என்று மைனி என்னைப் பார்த்தாள்.

"ஏறியிருக்கும் மைனி."

நீர் வடிந்து மின்சாரம் ஒழுங்காக வந்தபிறகு இசாபெல் நாலு வரி எழுதியிருந்தாள். கீழ்க்கரை வீடுகள் நேரத்தோடு காலியாகிவிட்டன, ஆறு வந்தபோது அங்கே நாய்கள்கூட இல்லை, சாப்பிட்டு முடிக்காமல் எழுந்துபோனதற்கு மன்னிக்கச் சொல்லுங்கள் என்று. மைனிக்குப் படித்துக் காட்டினேன். "மன்னிப்பாமே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிறகு வாசல் வெறிச்சோடியது. புதியது எதையும் நம்பாமல் பழைய நீவாடையே பிடித்துக்கொண்டிருக்கிற நார்வேக்காரக் கிழவர் ஒருவர் மட்டும் எப்போதாவது வருகிறார், மாமாவிடம் கேரமில் தோற்றுவிட்டுப் போகிறார். மற்ற நாட்களில் தம்ளர்கள் கவிழ்த்தபடியே இருக்கும். மைனி ஒரு வேளை மட்டும் சமைக்கத் தொடங்கினாள்.

ஒருநாள் மதியம் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பியவன், பழக்கத்தில் முடுக்குக்குள் ஓரடி வைத்துவிட்டு நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. திரும்பித் தெருவைச் சுற்றி வந்து, முன்வாசலில், வெயிலில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. மைனி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், என்னையும் என் கையிலிருந்த பையையும் பார்த்தாள்.

"வா" என்றாள். "வெயில்ல நிக்காத." நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அலமாரிப் பக்கம் போனாள்.

கேரம் பலகைக்கு மாவு தடவிக்கொண்டிருந்த கொரேரா மாமா தலையைத் தூக்கினார். "ஏல லாம்பர்ட்டு, வந்த வேலதான் முடிஞ்சிற்றே. எப்பம் கெளம்புத?"

நான் வாயைத் திறப்பதற்குள், தண்ணீர் மொண்டுகொண்டே மைனி சொன்னாள்:

"அவனுக்கு இன்னும் ஏறி முடியல மாமா."

தம்ளரை வாங்கினேன். குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். மாமா, மைனி, இருவருமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கீழே விழவில்லை.